எந்தப் பாலால் அழைப்பது? தமிழகத்தில் திருநர் இளம்பருவத்தின் வரலாறு

ஒரு மனிதரை எந்தச் சொல்லால் சுட்டுவது, அந்தச் சொல்லுக்கு எந்த வினைமுற்றைத் தருவது என்ற கேள்வியைத் தமிழ் இலக்கணம் மிகத் தொன்மையான காலத்திலேயே எழுப்பிக்கொண்டது. பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகவும், உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாகவும் பகுத்த தொல்காப்பியம், அந்தப் பகுப்பில் எளிதில் அடங்காத மனிதரைக் கண்டும் காணாமல் கடந்துவிடவில்லை. சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம், ஆண்மை திரிந்து பெண்மையை நோக்கியவரைச் சுட்டும் பெயர்கள் உயர்திணைக்கே உரியவை என்றும், அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லாமையால் உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் விதிக்கிறது. அதே இயலின் மற்றொரு நூற்பா, அப்பெயர்கள் ஆண்பாலுக்குரிய சொல்லை ஏற்க இடமில்லை என்றும் வரையறுக்கிறது. அதாவது ‘பேடி வந்தாள்’, ‘பேடியர் வந்தார்’ என்பன வழாநிலை. ‘பேடி வந்தான்’ என்பது வழு.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இந்த விதியை இரு திசையிலும் விரித்தது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பாலாகவும் சொல்லப்படுவர் என்று கூறும் அந்நூல், பிறந்த உடலை அன்றி விரும்பிய பாலையே சொல்லின் அளவுகோலாகக் கொண்டது. அதே நூற்பா, இவ்விரு சாராரும் அஃறிணையைப் போலவும் சொல்லப்படுவர் என்று முடிவதையும் மறைப்பதற்கில்லை. விருப்பத்தை மதித்து அழைக்கும் வழக்கும், மனிதராகவே கொள்ளாமல் ‘அது’ என்று தள்ளிவைக்கும் வழக்கும் தமிழ்ச் சமூகத்தில் அருகருகே இருந்துவந்தன என்பதற்கு அந்த ஒரே நூற்பா சான்றாக நிற்கிறது.

பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலுக்கும், தாம் ஆண் என்றோ பெண் என்றோ இவ்விரண்டும் அல்லாதவர் என்றோ உள்ளூர உணரும் பாலின அடையாளத்துக்கும் இடையே பொருத்தம் இல்லாதவர் இன்று ‘திருநர்’ எனப்படுகின்றனர். ஆணாகக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இந்தப் பொருத்தமின்மை மிகக் கூர்மையாக உணரப்படும் காலம் வளரிளம்பருவம். 10 வயது முதல் 19 வயது வரையிலான பருவத்தை உலக சுகாதார நிறுவனம் அவ்வாறு வரையறுக்கிறது. அந்தப் பருவத்தில் திருநர் பிள்ளைகள் பட்ட துயரத்துக்கு அவர்களது அடையாளமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. ஆனால் அவர்களை வீடும் ஊரும் சட்டமும் மருத்துவமும் எவ்வாறு அழைத்தன என்பதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், அந்தத் துயரத்தின் பெரும்பங்கு அடையாளத்திலிருந்து அன்றி, அதற்குக் கிடைத்த மறுமொழியிலிருந்தே பிறந்தது என்பது தெளிவாகும்.

காப்பியத் தெருவும் அறநூலின் தீர்ப்பும்

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று பேடு. வாணாசுரனின் ‘சோ’ என்னும் நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்பதற்காகக் காமன் பேடி வடிவம் கொண்டு ஆடியதாக வரும் கதையை அந்த ஆடல் நிகழ்த்திக்காட்டியது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, புகார் நகரத் தெருவில் பேடிக்கோலத்துக் கூத்தைக் கூடிநின்று காணும் மக்களைக் காட்டுகிறது. பொது இடத்தில், பலர் காண, கலைக்குரிய வடிவமாக இந்தக் கோலம் ஏற்கப்பட்டிருந்ததை இவ்விரு காப்பியங்களிலிருந்தும் அறியலாம்.

அறநூல்கள் வேறுவிதமாகப் பேசின. திருக்குறளில் ‘பேடி’ என்ற சொல் கோழைக்கும் செயலற்றவருக்கும் உவமையாகிறது. நாலடியார் இன்னும் ஒருபடி மேலே சென்று, முற்பிறவியில் பிறர்மனை நயந்தவரே இப்பிறவியில் அலியாகப் பிறந்து ஆடிப் பிழைப்பர் என்கிறது. ஆடல் அவர்களுடைய பிழைப்பாக இருந்தது என்ற சமூகச் செய்தியும், அவர்களது பிறப்பே பழைய தீவினையின் பயன் என்ற தீர்ப்பும் அந்தப் பாடலில் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. பிள்ளையின் நடையிலும் பேச்சிலும் வேறுபாட்டைக் கண்ட பெற்றோர், ‘என்ன பாவம் செய்தோமோ’ என்று தம்மை நொந்துகொள்வதும், அந்த நோவைப் பிள்ளையின் மீது கோபமாகத் திருப்புவதும் இந்த வினைக்கோட்பாட்டின் நீண்ட நிழலிலேயே நிகழ்ந்துவந்தன.

வீட்டுக்குள் ஒரு பருவம்

தமிழ்க் குடும்பத்தில் பூப்பெய்துதல் தனிப்பட்ட உடல்மாற்றமாக மட்டும் கொள்ளப்படுவதில்லை. பெண் வயதுக்கு வந்தவுடன் தாய்மாமன் குச்சுக் கட்டுகிறார், மஞ்சள் நீராட்டு நடக்கிறது, சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வருகின்றன, முதன்முறையாகச் சேலை உடுத்திய சிறுமி உறவினர் நடுவே அமர்த்தப்படுகிறாள். பையனுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லாவிடினும், அரும்புமீசையும் உடைந்த குரலும் ‘பெரிய மனுஷன் ஆகிவிட்டான்’ என்ற பூரிப்போடு வரவேற்கப்படுகின்றன. உடல் மாறுவதைக் குடும்பம் தன் மகிழ்ச்சியாக ஊருக்கு அறிவிக்கும் இந்தப் பண்பாட்டில், அந்த மாற்றத்தையே பேரிடியாக உணரும் பிள்ளை தன் அச்சத்தைச் சொல்வதற்கு ஒரு சொல்கூட இல்லாமல் நின்றது.

திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள் அந்தப் பருவத்தை அணுக்கமாகக் காட்டுகின்றன. திருநங்கையரின் வாழ்வனுபவங்களைத் திரட்டி ‘உணர்வும் உருவமும்’ நூலை வெளியிட்ட ரேவதி பின்னர் தம் வாழ்வை ‘வெள்ளை மொழி’யாக எழுதினார், லிவிங் ஸ்மைல் வித்யா ‘நான், வித்யா’வை எழுதினார். இத்தகைய எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வருபவை மிகச் சிறிய செயல்கள்: அக்காவின் பாவாடையைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உடுத்திப் பார்த்தல், துண்டைத் தலையில் போட்டுப் பின்னலாகப் பாவித்தல், அம்மாவோடு அடுப்படியில் இருக்க விரும்புதல், பெண்பிள்ளைகளோடு விளையாடப் போதல். சிறுவயதில் வேடிக்கையாகச் சிரித்து விடப்பட்ட இச்செயல்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தாண்டியவுடன் குடும்ப மானத்தின் பிரச்சினையாகின. அடி, வளர்த்த முடியை வெட்டிவிடுதல், கோயிலுக்கும் கோடாங்கியிடமும் அழைத்துச் செல்லுதல், ‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்ற முடிவு ஆகியவை வீட்டின் மருந்துகளாக இருந்தன. பள்ளியில் உடன்பயில்வோரின் கேலியும், சிலவேளை ஆசிரியரின் கேலியும் அதனோடு சேர்ந்துகொண்டன.

எனவே பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள். அடுத்து வீட்டையும் விட்டார்கள். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதன்முறையாக ஆண், பெண் என்பவற்றோடு ‘பிறர்’ என்ற பிரிவிலும் பதிவு செய்தபோது, இந்தியா முழுவதும் 4,87,803 பேரும் தமிழ்நாட்டில் 22,364 பேரும் அதில் இடம்பெற்றனர். அப்பிரிவினரின் எழுத்தறிவு ஏறக்குறைய 56 விழுக்காடாகவும், நாட்டின் பொது எழுத்தறிவு 74 விழுக்காடாகவும் இருந்தன. அந்தப் பதினெட்டு விழுக்காட்டு இடைவெளியில், வளரிளம்பருவத்தில் வகுப்பறையிலிருந்து விலகிப்போன பிள்ளைகளின் சுவடு பதிந்திருக்கிறது.

கூவாகத்தில் கிடைத்த முதல் உறவு

தற்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கூவாகம் என்னும் சிற்றூரின் கூத்தாண்டவர் கோயில், வீட்டில் மொழியற்று நின்ற பிள்ளைகளுக்கு ஒரு கதையைக் கொடுத்தது. பாரதப் போரின் வெற்றிக்காகக் களப்பலியாகச் சம்மதித்த அரவான், சாவதற்கு முன் மணம் முடிக்க விரும்பியதாகவும், மறுநாளே கைம்பெண் ஆக எவரும் முன்வராத நிலையில் கண்ணனே மோகினியாக வந்து அவனை மணந்ததாகவும் அக்கதை சொல்கிறது. சித்திரை மாதத்தில் பதினெட்டு நாள் நடைபெறும் விழாவின் இறுதிக் கட்டத்தில், முழுநிலவு இரவில் திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர்; மறுநாள் அரவானின் களப்பலிக்குப் பின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகின்றனர்.

இந்த விழாவைச் சமய ஆய்வாளர் பலர் சடங்கு என்ற அளவில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். இளையோரின் மனநிலை என்ற கோணத்தில் நோக்கினால் அதற்கு வேறொரு முதன்மை உண்டு. உலகத்தில் தன்னைப் போல் வேறெவரும் இல்லை என்று நம்பியிருந்த ஒரு பதின்வயதுப் பிள்ளை, தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில், பூவும் பொட்டுமாக, அஞ்சாமல் நடமாடக் கண்ட இடம் அது. அந்த ஒப்பாரியில் அரவானுக்காக மட்டுமே அழுதவர் குறைவு. வீட்டில் அழ முடியாத அழுகையை ஊரறிய அழுது தீர்ப்பதற்குச் சமூகம் ஆண்டுக்கொருமுறை அனுமதித்த இடமாகவும் கூவாகம் விளங்கியது. இவ்விழாவிலிருந்தே ‘அரவாணி’ என்ற பெயரும் பரவி, ‘அலி’ முதலிய இழிசொற்களின் இடத்தைச் சில காலம் ஏற்றது.

ஜமாத்தின் தத்து

ஆண்டில் ஒரு நாள் கிடைத்த உறவு, ஆண்டு முழுவதும் தேவைப்பட்ட சோற்றுக்கும் கூரைக்கும் போதாது. அந்தத் தேவையை நிறைவேற்றியது ஜமாத். அவை அல்லது கூட்டம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், வட இந்தியாவின் இஜ்ரா சமூகத்தின் அமைப்புமுறையோடு தமிழகத்துக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கிளம்பிய பதின்வயதினர் பலர் மும்பைக்கும் டெல்லிக்கும் ரயில் ஏறியதும், அங்கே மூத்த திருநங்கையரின் வீடுகளில் தங்கி, ஆண்டுகள் கழித்து அந்த மரபுகளோடு ஊர் திரும்பியதும் இந்தப் பரவலுக்கு வழியாயின.

ஜமாத்தின் அடித்தளம் தத்தெடுப்பு. மூத்தவர் குரு, அவரிடம் சேர்பவர் சேலா; தமிழகத்தில் இவ்வுறவு பெரும்பாலும் அம்மா, மகள் என்றே வழங்குகிறது. அம்மாவின் குரு நானி, அதாவது பாட்டி; ஒரே அம்மாவின் மகள்கள் அக்கா தங்கைகள். புதியவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கு ‘ரீத்’ என்று பெயர். மூத்தவர்கள் கூடிய அவையில், வெற்றிலை பாக்கும் பணமும் வைத்த தட்டின் முன், இவர் இன்னாரின் மகள் என்று அறிவிக்கப்படுவதோடு அவரது பெயரும் சொல்லப்படுகிறது. புதியவர் மூத்தவர்களின் காலைத் தொட்டுப் ‘பாம்படுத்தி’ என்று வணங்க, அவர்கள் வாழ்த்துகின்றனர். பிறந்த வீட்டில் பதினைந்து ஆண்டுகள் தனக்குப் பொருந்தாத பெயரால் அழைக்கப்பட்ட பிள்ளை, தான் தேர்ந்த பெயரால் பலர் வாயால் அழைக்கப்படுவதைக் கேட்ட முதல் தருணம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

ஆணுறுப்பை நீக்கும் அறுவைக்கு ‘நிர்வாணம்’ என்று பெயர். மருத்துவமனைகள் இதைச் செய்யாத காலத்தில், இச்சமூகத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற ‘தாயம்மா’ எனப்படுவோர் மயக்க மருந்தின்றி இதைச் செய்தனர். உயிர் தப்புவது உறுதியில்லாத செயலாகவே அது இருந்தது. பிழைத்தவர் நாற்பது நாள் தனியறையில் வைக்கப்பட்டார். தலைவாருதல் கூடாது, கண்ணாடி பார்த்தல் கூடாது, ஆண்களின் முகத்தில் விழித்தல் கூடாது. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, மருதாணி இட்டு, நீராட்டி, புதுச்சேலை உடுத்தி, பால்குடத்தைத் தலையில் ஏற்றி நீர்நிலைக்கு அழைத்துச் சென்று பாலை நீரில் ஊற்றச் செய்து, அதன்பின் கண்ணாடியில் முகம் பார்க்க வைத்தனர். மஞ்சளும் நீராட்டும் தனிக்குடிலும் புதுச்சேலையும் சேர்ந்த இந்தச் சடங்கு, தமிழ் வீட்டில் பூப்பெய்திய மகளுக்குச் செய்யப்படும் சடங்கோடு கொண்டிருக்கும் ஒற்றுமை கருதத்தக்கது. பிறந்த வீடு மறுத்த மஞ்சள் நீராட்டை, தத்தெடுத்த வீடு தன் முறையில் நடத்திவைத்தது.

இந்த அமைப்பின் கடுமையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குருவுக்கு வருவாயில் பங்கு, விதி மீறினால் தண்டம், குரு மாறினால் ஈட்டுப்பணம் என ஜமாத்தின் கட்டுப்பாடுகள் இறுக்கமானவை. கடை கேட்டலும், அதாவது கடைகளில் கைதட்டிக் காசு கேட்பதும், பாலியல் தொழிலும் தவிர வேறு வழி திறக்காத நிலையில், படிக்க வேண்டிய வயதில் வந்தவர்கள் அவற்றுக்குள்ளேயே வளர்ந்தனர். ஆனாலும் பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டு, காய்ச்சலில் பக்கத்தில் இருந்து, ‘மகளே’ என்று அழைத்த ஒரே இடம் பல பத்தாண்டுகளுக்கு அதுவாகவே இருந்தது என்பது வரலாற்றுண்மை.

ஜமாத்துக்கு வெளியே இத்தகைய அடைக்கலம் கிடைத்தது அரிது. மதுரையில் பிறந்து, இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிய நர்த்தகி நடராஜ், தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். ‘நர்த்தகி’ என்ற பெயரை அவருக்குச் சூட்டியவரும் அந்த ஆசிரியரே. 2019 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை என்ற சிறப்பை அவர் அடைந்தபோது, ஒரு மூத்தவரின் ஏற்பும் ஒரு பெயரும் ஓர் இளம் உயிரை எத்தனை தூரம் தாங்கிச் செல்லும் என்பது நாட்டுக்கே தெரியவந்தது.

தத்தைக் குற்றமாக்கிய சட்டம்

இந்தத் தத்தெடுப்பையே குறிவைத்து ஒரு சட்டம் முன்னரே இயற்றப்பட்டிருந்தது. 1871 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் தமிழகத்தில் பிறமலைக் கள்ளர் முதலிய சமூகங்களின் துயரத்தோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. அச்சட்ட மரபு சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது 1911 இல்தான். 1871 இன் மூலச் சட்டம் வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளை முன்வைத்தது. அதன் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ என்று ஆட்சியாளர் பெயரிட்டவர்களைப் பற்றியது. சிறுவர்களைக் கடத்துவதாகவோ விதையகற்றுவதாகவோ ஐயுறப்பட்டவர்களின் பெயர்களும் சொத்துகளும் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவு செய்யப்பட்டவர் பொது இடத்தில் பெண்ணுடையில் தோன்றுவதும், ஆடுவதும், இசைப்பதும் தண்டனைக்குரியவை ஆயின. பதினாறு வயது நிறையாத சிறுவனைத் தம் வீட்டிலோ பொறுப்பிலோ வைத்திருந்தால் ஈராண்டு வரை சிறை விதிக்கப்படலாம். அவர்கள் உயில் எழுதவோ, கொடை அளிக்கவோ, மகனைத் தத்தெடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை.

சிறுவர்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. பிள்ளை ஏன் பிறந்த வீட்டை விட்டு அங்கே வந்தது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சிறுவனைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்புவதும், பெற்றோர் கிடைக்காவிடில் அரசின் ஏற்பாட்டில் வளர்ப்பதும் மட்டுமே அதற்குத் தெரிந்த வழிகளாக இருந்தன. இந்தச் சமூகத்தார் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற அச்சம் அன்று அரசாங்க ஆவணங்களில் ஏறியது. சட்டம் 1952 இல் அகற்றப்பட்ட பின்னும் அது ஊர்ப்பேச்சில் நிலைத்தது.

மருத்துவம் சூட்டிய பெயர்கள்

சட்டம் குற்றமாகக் கண்டதை மருத்துவம் நோயாகக் கண்டது. 1919 இல் பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் நிறுவிய பாலியல் ஆய்வு நிறுவனம் இத்தகையோரைப் பரிவோடு அணுகிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. 1933 இல் நாஜிகள் அதைச் சூறையாடி அதன் நூல்களைத் தெருவில் எரித்தனர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டுக் கையேட்டில், குழந்தைப் பருவத்துப் பாலின அடையாளக் கோளாறு என்ற பெயர் இடம்பெற்றது. 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தக் ‘கோளாறை’ நீக்கி, ‘பாலினத் துயர்’ என்ற பொருள்படும் பெயரைக் கொண்டது. அடையாளம் நோயன்று, பொருத்தமின்மையால் விளையும் வேதனையே கவனிக்கப்பட வேண்டியது என்பது அம்மாற்றத்தின் கருத்து. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் பன்னாட்டு நோய்வகைப்பாடு 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது, ‘பாலினப் பொருத்தமின்மை’ மனநோய்களின் பகுதியிலிருந்து முற்றிலும் எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த பகுதிக்கு மாற்றப்பட்டது.

அடையாளம் நோய் இல்லையென்றால் இவ்விளையோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் உயிர்மாய்ப்பு எண்ணமும் மிகுந்து காணப்படுவது ஏன் என்ற வினாவுக்கு, உளவியலாளர் இலான் மேயர் 2003 இல் விரித்துரைத்த ‘சிறுபான்மையர் அழுத்தம்’ என்ற கோட்பாடு விடை தந்தது. இழிவு, ஒதுக்கல், வன்முறை, அவை எந்நேரமும் நேரலாம் என்ற எதிர்பார்ப்பு, தன்னை மறைத்துக்கொள்ளும் ஓயாத முயற்சி ஆகியவை நாள்தோறும் சேர்ந்து மனத்தை அரிக்கின்றன என்பது அதன் சாரம். கிறிஸ்டினா ஓல்சனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் குடும்பத்தின் ஆதரவோடு தம் பாலின அடையாளத்தில் வாழ்ந்த 73 குழந்தைகளை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவில், அவர்களிடையே மனச்சோர்வு மற்றக் குழந்தைகளின் அளவிலேயே இருந்தது. பதற்றம் மட்டும் சற்றே கூடியிருந்தது. 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் இளையோரை ஆராய்ந்து 2018 இல் வெளியான மற்றோர் ஆய்வு, வீடு, பள்ளி, பணியிடம், நண்பர் என்ற நான்கு இடங்களில் அவர்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படும் இடம் ஒவ்வொன்று கூடும்போதும் உயிர்மாய்ப்பு எண்ணம் 29 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது.

ரீத் சடங்கில் மூத்தவர்கள் ஒரு பெயரைச் சொல்லி அழைத்ததன் பயனை, எண்களின் மொழியில் இந்த ஆய்வு சொல்கிறது. பதின்வயதில் உடல்சார் மருத்துவம் எப்போது, எந்த அளவில் தொடங்கலாம் என்பதில் நாடுகளிடையே இன்னும் ஒத்த கருத்து உருவாகவில்லை. அது ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் அறிந்த மருத்துவர் பொறுமையோடு எண்ணித் துணிய வேண்டிய செயல். பெயர் சொல்லி அழைப்பதற்கோ, இழிசொல்லைத் தடுப்பதற்கோ, பிள்ளையின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்பதற்கோ மருந்துச்சீட்டு வேண்டியதில்லை.

அரசாணையும் தீர்ப்பும்

பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2008 ஏப்ரல் 15 இல் நாட்டிலேயே முதன்முறையாக நலவாரியம் அமைத்தது. அக்காலத்தில் முதலமைச்சர் மு.கருணாநிதி முன்னிறுத்திய ‘திருநங்கை’ என்ற சொல் விரைவில் மக்கள் வழக்காயிற்று. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அறுவை செய்துகொள்ள வழி பிறந்ததால், தாயம்மாவின் கத்திக்கு உயிரைப் பணயம் வைக்கும் நிலையும் குறைந்தது. 2014 ஏப்ரல் 15 இல் உச்ச நீதிமன்றம், தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தபோது, பவணந்தி சொல்லுக்கு வகுத்த விதி குடிமக்களின் உரிமையாக மலர்ந்தது எனலாம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இளையோரை நேரே தொடுபவை. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பால் உடலோடு, அதாவது ஆண் உடல் என்றோ பெண் உடல் என்றோ முற்றாக வகுக்க இயலாத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ‘திருத்தும்’ அறுவைகளைத் தடுக்குமாறு அரசைப் பணித்தார். உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றில் அவை கூடாது என்று அதே ஆண்டில் அரசாணை வந்தது. 2021 ஜூனில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தம் அறிவு போதாது என்று வெளிப்படையாக ஏற்று, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின் வழங்கிய ஆணையில், ஒருவரின் அடையாளத்தையோ ஈர்ப்பையோ ‘மாற்றுவதாக’ச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். கோடாங்கியின் வேப்பிலையும் சில மருத்துவர்களின் அந்தச் சிகிச்சையும் நோக்கத்தால் ஒன்றே. பிள்ளையை வேறொருவராக மாற்ற முனைந்த அம்முயற்சிகளால் விளைந்த காயங்களுக்கு நீதிமன்றம் அன்று செவிகொடுத்தது. 2022 இல் தேசிய மருத்துவ ஆணையம் அச்சிகிச்சையைத் தொழில்சார் ஒழுங்கீனமாக அறிவித்தது.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 2019 ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரால் பேண இயலாதபோது, நீதிமன்றத்தின் ஆணையோடு மறுவாழ்வு மையத்தில் சேர்க்க வழிசெய்கிறது. வீடு தன் பிள்ளையை வெளியே தள்ளக் கூடாது என்பதால் இந்த விதி வரவேற்கத்தக்கது. ஆனால் வன்முறை அந்த வீட்டிலிருந்தே வரும்போது பிள்ளைக்குத் திறக்கும் கதவு ஒரு நிறுவனத்தின் கதவு மட்டுமே. நூற்றைம்பது ஆண்டுகளாக இத்தகைய பிள்ளைகளைத் தாங்கிய வளர்ப்புத் தாய், 1871 இன் சட்டத்தில் குற்றவாளியாக இருந்தார். 2019 இன் சட்டத்தில் அவர் குற்றவாளி அல்லர், ஆனால் தாயும் அல்லர்.

திருநம்பிகளின் வரலாறு இதைவிட மெலிதாகவே பதிவாகியிருக்கிறது. அவர்களுக்குக் கூவாகம் போன்ற விழாவோ ஜமாத் போன்ற அடைக்கலமோ மரபில் அமையவில்லை. பெண்பிள்ளையாகக் கருதப்பட்டதால் இரவில் ரயிலேறி ஓடும் வாய்ப்பும் குறைவு. மார்பு வளர்வதும் மாதவிடாய் தொடங்குவதும் அவர்களுக்கு உள்ளூர நொறுங்கும் அனுபவமாக இருக்க, அதே நாளில் வீடு பந்தலிட்டு, அவர்களுக்குச் சேலை உடுத்தி, மஞ்சள் நீராட்டி மகிழ்ந்தது. அவர்களுடைய துயரம் பெரும்பாலும் கட்டாயத் திருமணத்துக்குள் மறைந்துபோனதால், வரலாற்றின் கண்ணில் படாமலே போயிற்று. ஓடிப்போனவர்களின் கதை எழுதப்பட்ட அளவுக்கு, ஓட முடியாதவர்களின் கதை எழுதப்படவில்லை.

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்

இந்த நெடிய வரலாற்றில் திருநர் பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தாம் யார் என்பதை ஏறத்தாழ ஒரே வயதில் உணர்ந்தார்கள். மாறிக்கொண்டே வந்தது அவர்களுக்குக் கிடைத்த மறுமொழிதான். அந்த மறுமொழி தீர்மானமாக வேண்டிய இடங்கள் வீடும் வகுப்பறையும். வகுப்பறைகளில் திருநர் பிள்ளைகளை எவ்வாறு அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காகத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2021 இல் வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு எழுந்தவுடன் இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது வருந்தத்தக்கது. சீருடை, கழிப்பறை, விளையாட்டு அணி என அந்தக் கையேடு பேசியவை யாவும் ஒரு பிள்ளை காலையில் பள்ளிக்கு வருமா, வராமல் நின்றுவிடுமா என்பதை முடிவு செய்பவை.

ஒவ்வொரு நாளும் தமிழ்நாட்டின் வகுப்பறைகளில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்கின்றனர். தொல்காப்பியர் நூற்பா செய்து சிந்தித்த கேள்வி, அந்தச் சில நொடிகளில் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முன் நாள்தோறும் எழுகிறது. தன் பெயர் வாசிக்கப்படும்போது பின்வரிசையில் சிரிப்பு எழாமலும், ஆசிரியரின் குரலில் ஏளனம் ஒலிக்காமலும் இருந்தால், அந்தப் பிள்ளை ‘உள்ளேன்’ என்று சொல்லி அமரும், மறுநாளும் வரும். வீட்டை விட்டு ஓடிப்போனவர்களின் வரலாறாகவே இதுவரை எழுதப்பட்டதன் அடுத்த இயல், வீட்டிலும் வகுப்பிலும் இருந்தபடியே வளர்ந்தவர்களின் வரலாறாக எழுதப்படுவதற்கு, அந்த ஒற்றைச் சொல்லே தொடக்கமாகும்.